ஓராண்டுக்கு அமைதி

பிணைப்பத்திரங்களைத் தட்டச்சு செய்தவள் நான்.
குடியாத்தம் கோட்டாட்சியர் அலுவலகம், மே மாதம்.
மின்விசிறி இருந்த வெயிலையே
திருப்பித் திருப்பிப் போட்டது.

'இன்று தொடங்கி ஓராண்டு காலத்துக்குப்
பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்க மாட்டேன் என்றும்
தவறினால் ரூபாய் பத்தாயிரம்
அரசுக்குச் செலுத்துவேன் என்றும்…'
இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர்.
பெயரும் தகப்பன் பெயரும் தெருவும் மாற
மற்ற வாசகம் அப்படியே.

நடந்தது இவ்வளவுதான்,
அல்லது மனுக்களில் இருப்பது இவ்வளவுதான்:
அம்மன் ஊர்வலம் மண்டித் தெருவில் திரும்பியபோது
பள்ளிவாசலில் மஃரிப் தொழுகை.
பம்பை நிற்கவில்லை என்று ஒரு மனு.
கல் வந்தது என்று ஒரு மனு.
இரண்டிலும் எங்கள் மனம் 'புன்பட்டது'.
இரண்டிலும் அதே இரண்டு சுழி.
எழுதியவர் ஒரே ஆள்.
வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

மூன்றாவதாக ஒருத்தி வந்தாள், நாகபூஷணம்.
இரு தரப்பும் ஓடியதில்
அவளுடைய கிர்ணிப்பழ வண்டி கவிழ்ந்து
சக்கரம் ஒன்று எட்டாய் வளைந்திருந்தது.
'மனசுக்குப் பிரிவு இருக்குதாமே,
வண்டிக்கு எந்தப் பிரிவும்மா?' என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
கண்காணிப்பாளரும் சாப்பிடப் போயிருந்தார்.

ஜாமீனுக்குச் சொத்துள்ளவர் கையெழுத்து வேண்டும்.
துளசிங்கத்துக்கு யாரும் வரவில்லை.
அன்று தோளில் தூக்கிப்போனவர்கள்
அன்றைக்குப் பிறகு செல்போன் எடுக்கவில்லை.
பேரணாம்பட்டிலிருந்து பட்டாவோடு வந்தவர்
தோல் மண்டி அத்தாவுல்லா.
'உனக்கென்ன உறவு?' என்றார் கோட்டாட்சியர்.
'எனக்குப் பதினோராயிரம் தரணுங்க.
உள்ள போயிட்டா யார் தருவா?'
அன்பு, சகோதரத்துவம் என்று
ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.
அதனால்தான் நம்பினேன்.

உத்தரவையும் நானே தட்டச்சு செய்தேன்.
டிரான்ஸ்பார்மரிலிருந்து சைக்கிள் கடை வரை
நூறு மீட்டருக்கு மேளம் கூடாது.
ஊர்வலத்தை யாரும் மறிக்கக் கூடாது.
சர்வேயர் சங்கிலி பிடித்தார்.
நகராட்சி ஆள் சுண்ணாம்பால் கோடு போட்டார்.
லாரிகளும் ஒரு கோடை மழையும்
ஒரே வாரத்தில் அதைத் தின்று தீர்த்தன.

மறு வருடம் திருவிழா இரண்டு வாரம் தள்ளி வந்தது.
தேதியைக் கூட்டிப் பார்த்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது:
பத்திரம் காலாவதியாகி நான்காம் நாள் ஊர்வலம்.
அந்த மாலை பன்னிரண்டு பேரும்
எதற்கும் கட்டுப்படாதவர்கள்.
'புது மனு வராம நாம என்ன பண்றது?'
என்றார் கண்காணிப்பாளர்.

போய் நின்றேன்,
அலுவலகச் செருப்போடு, கைப்பையை மார்போடு அணைத்து.
பம்பை வந்தது. டிரான்ஸ்பார்மர் வந்தது.
கோடு இல்லாத இடத்தில்
குச்சிகள் நின்றன.
பயமா, பழக்கமா,
தோள் வலியா, நான் கேட்கவில்லை.
ஒரு பையன் மட்டும் வேண்டுமென்றே
ஒரு அடி அடித்தான்.
காவலர் திரும்பினார். வேறு யாரும் திரும்பவில்லை.
அப்புறம் செருப்புச் சத்தம், குழந்தை அழுகை,
அம்மன் நகையின் சின்னச் சின்ன உரசல்.
உள்ளே வரிசை குனிந்து நிமிர்ந்தது.

அந்த நூறு மீட்டருக்குள்
வண்டியை நிறுத்தியிருந்தாள் நாகபூஷணம்,
சக்கரத்தில் கம்பி கட்டி.
'இங்கதான் நான் விலை சொன்னா
நாலு பேருக்குக் கேக்குது' என்று
கீற்று ஒன்றை நீட்டினாள், உப்பு மிளகாய் போட்டு.
காசு வாங்கிக்கொண்டாள்.

அவள் மனு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.
நாள், பெயர், விலாசம் எல்லாம் நிரப்பிவிட்டேன்.
'பிரிவு' என்ற இடம்
காலியாக.